மூன்று வருடமாகப் போகாத ஃபியூஸ்

பெண்கள் விடுதியின் மின்பலகையைத் திறந்ததும் ரப்பர் கருகுகிற வாடைதான் முதலில் வந்தது. மெயினை அணைத்துவிட்டு இசைவாணி ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினாள். சுமை கூடினால் உருகி மின்சாரத்தைத் துண்டிக்கிற மெல்லிய கம்பி இருக்கவேண்டிய இடத்தில் தடித்த செம்புக் கம்பியை யாரோ இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

சாத்தூருக்கு வெளியே இருந்த அந்தப் பல்கலைக்கழகத்தில் அவள் மின்பொறியாளராகச் சேர்ந்து ஐந்து மாதம். வளாகத்தின் பழைய மின்னமைப்பை மாற்ற ஆறு வேலைகளுக்குத் திட்டம் வரைந்து கொடுத்திருந்தாள். 2007-க்குள் இரண்டைத்தான் செய்யமுடியும் என்றார்கள். எந்த இரண்டு என்று சலித்தெடுத்த குழு, முதல் சுற்றிலேயே விடுதியைத் தள்ளிவிட்டது. "மூணு வருசமா அங்கன ஒரு கம்ப்ளைண்ட் கிடையாதேம்மா" என்றார் பதிவாளர் பலவேசம். புது அரங்கத்து ஏசிக்கான டிரான்ஸ்ஃபார்மர் முதலிடத்துக்கு வந்தது. நாளை இறுதிக் கூட்டம்.

புகார் ஏன் வரவில்லை என்பது இப்போது அவள் கையில் இருந்தது.

"யாருண்ணே இதப் போட்டது?"

"நான்தான் மேடம்." வயர்மேன் சுடலை மறைக்கவில்லை. பதினெட்டு வருடமாகத் தினக்கூலியில் இருப்பவர். "தெனமும் பீஸ் போகும். பரீட்சை நேரத்துல பிள்ளைக மெழுகுவத்திய வச்சிப் படிக்கும். கேபிள மாத்துங்கன்னு மூணு தடவ எழுதிக் குடுத்தேன். ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. பெறகுதான் இதக் கட்டுனேன்."

"கேபிள் எம்புட்டு சூடாகும்னு தெரியாதா?"

"தெரியும். அப்பப்ப வந்து தொட்டுப் பாத்துட்டுப் போவேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. அவளுடைய அம்மா கருப்பம்மாள் தாயில்பட்டியில் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவள். சாயங்காலம் அம்மா வர அரைமணி பிந்தினால் தெருமுனையில் போய் நின்று வளர்ந்தவள் இசைவாணி. இருநூறு பெண்கள் இந்தக் கேபிளை நம்பித் தூங்குகிறார்கள். ஆனால் சொன்னால், தினக்கூலி ஆளை நிறுத்த ஒரு வாய்வார்த்தை போதும்.

"நாளைக்குக் கூட்டத்துல சொல்லியாகணும்ணே."

சுடலை அவள் கையிலிருந்த கட்டையை வாங்கிக்கொண்டார். "சொல்லுங்க. முதல்ல இத எடுத்துருவோம்."

அளவான கம்பியை அவரே கட்டினார். வகுப்பு முடிந்து பெண்கள் வந்து இஸ்திரிப் பெட்டியும் ஹீட்டரும் போட்டதுமே விடுதி இருண்டது. மாற்றினார், மறுபடி போனது. வார்டன் செல்வலட்சுமி படியிறங்கி வந்தாள். "நல்லா இருந்ததக் கெடுத்துட்டீகளேம்மா!"

"அத அப்படியே எழுதிக் குடுங்க மேடம். எல்லாரும் கையெழுத்துப் போட்டு" என்றாள் இசைவாணி.

மறுநாள் கூட்டத்தில் நூற்றெண்பத்தாறு கையெழுத்தைப் பார்த்தபின் யாரும் அதிகம் வாதாடவில்லை. விடுதி முதலிடத்துக்கு ஏறியது. அரங்கம் இரண்டாமிடத்துக்கு இறங்கியது. பேனாவை மூடிய பதிவாளர் நிமிர்ந்தார்.

"சரிம்மா. மூணு வருசமா போகாத பீஸ் நேத்து மட்டும் எப்படிப் போச்சு?"

சுடலையின் கம்பியைப் பற்றி ஒன்றும் விடாமல் சொன்னாள். காலையில் அலுவலகக் கோப்புகளுக்குள் தேடியெடுத்த மூன்று காகிதங்களையும் மேசையில் வைத்தாள். கோணல் எழுத்தில் சுடலை எழுதியவை. மூன்றிலும் கீழே 'பார்த்தேன்' என்று பலவேசத்தின் கையொப்பம்.

அவர் மூன்றையும் படித்தார். பிறகு முதல் காகிதத்தை மறுபடி எடுத்தார்.

"அந்த ஆள வரச்சொல்லுங்க."

இசைவாணி வெளியே வந்தபோது சுடலை வராந்தாவிலேயே நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். உள்ளே எல்லோரும் ஷூ அணிந்து உட்கார்ந்திருந்த அந்த அறையின் வாசலில், செருப்பைக் கழற்றி ஒன்றோடொன்று சேர்த்து ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போனார்.