மூலைக்கு எட்ட நின்று

"மூலையிலேயே கம்பத்தை வெச்சா கணக்கு தப்பாயிடும்மா," என்றார் சர்வேயர். கம்பத்தின் உச்சியில் தொப்பி கவிழ்த்ததுபோல் இருந்த கருவி, செயற்கைக்கோள்களைக் கேட்டு இடம் சொல்லுமாம். சுவரை ஒட்டி நின்றால் பாதி வானம் மறைந்துவிடும். வருகிற சிக்னலும் சுவரில் மோதிக் குழப்பும். அதனால் சுவர் போகிற நேர்க்கோட்டில் எட்டப் போய் நின்று அளந்து, அங்கிருந்து மூலையைக் கணக்குப் போட்டுப் பிடிக்க வேண்டும். அக்கா தங்கை இருவரில் பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. சண்டையே அந்த மூலைக்காகத்தான். அதன் பக்கத்திலேயே போகக் கூடாதாம்!

ஒரே சுவரின் இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் தங்கை. சுவர் முடிகிற இடத்திலிருந்து மதில் எழுப்பினால் யார் பக்கம் எவ்வளவு என்று ஆரம்பித்த பேச்சு, அம்மா யாருக்கு அதிகம் செய்தாள் என்பதுவரை போய் முறிந்தது. இரண்டு மழைக்காலம் ஓடிவிட்டது. தங்கை இருமினால் இங்கே கேட்கும். வெந்நீர் குடிடி என்று நாக்கு நுனிவரை வரும், விழுங்கிக்கொள்வாள். பெரியவளுக்கு வேண்டியது ஒரு சாண் மண் இல்லை, அக்கா என்று ஒரு வார்த்தை. அதை வாய்விட்டுக் கேட்க முடியுமா?

சர்வேயரின் உதவியாளுக்குக் காய்ச்சல். "நான் கருவியோட திரையைப் பாக்கணும். ஒருத்தர் கம்பத்தைப் பிடிங்க. இன்னொருத்தர் சுவரோட ஒட்டிக் கண்ணை வெச்சு, நேரா நிக்குதான்னு சொல்லுங்க."

பெரியவள் எட்டப் போய்க் கம்பத்தைப் பிடித்தாள். தங்கை சுவரில் கன்னத்தைப் பதித்து ஒரு கண்ணை மூடினாள்.

"சார், கொஞ்சம் இடது பக்கம் தள்ளச் சொல்லுங்க."

"நீங்களே சொல்லுங்க. அவங்களுக்குக் காது கேக்கும்ல?"

"இடது பக்கம்," என்றாள் தங்கை, தெருவில் போகிற யாரிடமோ சொல்வதுபோல. பெரியவள் நகர்த்தினாள். "அவ்ளோ வேணாம்." கம்பம் சாயாமலிருக்க, அதிலிருந்த நீர்மட்டக் குமிழி வட்டத்துக்குள் நிற்க வேண்டும். பெரியவளின் பழைய தோள்வலி இழுக்க, கம்பம் சாய்ந்து குமிழி ஓரத்துக்கு ஓடியது.

"ஆடாதக்கா!"

சொன்ன பிறகுதான் தங்கைக்கே உறைத்திருக்கும். ஆனால் சுவரிலிருந்து கன்னத்தை எடுக்கவில்லை. "அந்தத் தோள் இன்னும் வலிக்குதா?"

"வலிக்குதுடி," என்றாள் பெரியவள். கண் நிறைந்து குமிழியே தெரியவில்லை. இருந்தாலும் கை அசையவில்லை.

"அளந்தாச்சு. கம்பத்தை விடலாம்மா," என்றார் சர்வேயர்.

பெரியவள் விடவில்லை. "இருங்க சார். நேரா இருக்குன்னு அவ இன்னும் சொல்லலையே."

தங்கை அந்த மூலையில், மூடிய ஒற்றைக் கண்ணைத் திறக்காமல் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் வலது பக்கம், அக்கா."