முப்பத்தெட்டாவது காகிதம்

எங்கள் காலனியில் வயசானவர்கள் முப்பத்தெட்டுப் பேர். ஒருத்தருக்கும் ஒரு நோயும் இல்லை என்று ஆராய்ச்சிக் காகிதத்தில் எழுதியிருந்தது. அதைக் கொண்டுவந்து காட்டிய நஃபீசா டாக்டரே அதை நம்பவில்லை.

தொண்ணூற்றாறாம் வருஷம். பல்லடத்துக்குத் தெற்கே, கோழிப்பண்ணைகளைத் தாண்டினால் எங்கள் காலனி. தோட்டத்துக் கூலிக்குப் போயே நரைத்தவர்கள் நாங்கள். போன மாதம் கோயமுத்தூரிலிருந்து மருத்துவக் கல்லூரிக்காரர்கள் வந்து, "உடம்புக்கு என்ன தொந்தரவு?" என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். எங்கே நோயாளிகள் அதிகமோ அங்கே வாரம் ஒருநாள் மருத்துவ வேன் வருமாம். இப்போது அது பக்கத்து ஊருக்குப் போகப்போகிறது, வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் அதற்குக் கையெழுத்துப் போடுகிறார் என்றார் அந்தக் கல்லூரியில் வேலை பார்க்கும் நஃபீசா.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் மேல் இல்லை, எங்கள் மேல்தான். வீடு தேடி வந்தவர்களிடம் நோவைச் சொல்லிப் புலம்புவது எங்கள் பக்கம் மரியாதை இல்லை. ஒரு சொம்பு தண்ணீர் நீட்டி, நல்லா இருக்கறோமுங்க என்று சொல்வதுதான் பழக்கம். நானும் அதையேதான் சொல்லித் தொலைத்திருந்தேன். ராமாமணி, வயசு அறுபத்தொன்று, தொந்தரவு இல்லை. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று ஊருக்கே சொல்கிற வாய் இது.

நாங்களே மறுபடி கேட்டு எழுதித் தருகிறோம் என்றேன். அதே கேள்விக்கு அதே பதில்தானே வரும் என்றார் நஃபீசா. நியாயம்தான். எங்கள் சனம் நோவைச் சொல்லாது, ஆனால் வேலையைப் பற்றிக் கேட்டால் நாள் முழுக்கப் பேசும்.

"அப்பக் கேள்வியை மாத்திப்போடுங்க அம்மணி," என்றேன். "போன பொங்கலுக்குச் செஞ்ச வேலையில, இந்தப் பொங்கலுக்கு எதை உட்டுப்போட்டீங்கன்னு கேக்கலாமுங்க."

நஃபீசா பேனாவை எடுத்தார். பழைய கேள்வியை அடித்துவிட்டு, முப்பத்தெட்டுப் புதுக் காகிதத்திலும் இதை எழுதிக் கொடுத்தார்.

அஞ்சாவது வரை படித்த பக்கத்து வீட்டுச் சுப்பாத்தாள் எழுத, நான் கேட்டேன். மூன்று நாள் நடந்தோம். சென்னியப்பன் சைக்கிளை விட்டுவிட்டாராம், எதிரே வருவது லாரியா மாடா என்று தெரிவதில்லையாம். பழனியாத்தாள் வெங்காயக் காட்டுக்குப் போவதில்லை, உட்கார்ந்தால் எழ முடியாதாம். ஒருத்தரும் புலம்பவில்லை. வேலைக் கதை சொல்வதுபோலவே சொன்னார்கள்.

கடைசியாக என் வீடு. என் வீட்டுக்காரர் நஞ்சப்பன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தான் நன்றாகத்தான் இருப்பதாகவும், வேறு வேலையைப் பார்க்கும்படியும் சொன்னார். நான் நகரவில்லை. கேள்வியை இரண்டாம் தடவை கேட்டேன்.

"செருப்புப் போடறதை உட்டுப்போட்டேன்," என்றார்.

காலைத் தூக்கிக் காட்டினார். பெருவிரலுக்கு அடியில் எட்டணா அகலத்துக்குப் புண். கால் மரத்துப்போய், செருப்பு கழன்றாலும் தெரிவதில்லையாம், முள் குத்தியதும் தெரியவில்லையாம். நாற்பது வருஷம் சோறு போட்டவளுக்கும் தெரியவில்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே, எழுது என்று சுப்பாத்தாளிடம் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காகிதங்களை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு நானும் சுப்பாத்தாளும் கோயமுத்தூருக்கு பஸ் ஏறினோம். பெரிய டாக்டரின் அறை மூன்றாவது மாடியில் இருந்தது. நஃபீசா எங்களை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார்.

பெரிய டாக்டர் ஒவ்வொன்றாகப் படித்தார். பாதிக்கு மேல் போனதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கடைசிக் காகிதத்தில் பெயர் மட்டும் இருந்தது. அது என்னுடையது. எல்லோரையும் கேட்ட என்னை யாரும் கேட்கவில்லை.

"இது காலியா இருக்கே. நீங்க நல்லாத்தானேம்மா இருக்கீங்க?" என்றார்.

பழக்கதோஷம், பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"இல்லீங்க," என்றேன். "போன பொங்கலுக்குத் தண்ணிக்கொடம் தூக்குனனுங்க, இப்ப முடியலீங்க. உங்க மாடியை மூணு எடத்துல நின்னுதான் ஏறுனனுங்க. நெஞ்சை அடைக்குதுங்க. எழுதிக்குங்க."

எழுதினார். பக்கத்து ஊருக்கும் வேன் போகட்டும், எங்கள் ஊருக்கும் வரட்டும் என்று நஃபீசாவிடம் சொன்னார். பிறகு என்னிடம், எந்தக் கிழமை வந்தால் உங்களுக்குத் தோது என்று கேட்டார்.

நஞ்சப்பனின் கால் கண்ணுக்குள் நின்றது.

"நாளைக்கேங்க," என்றேன்.