நெல்லுக்கு ஒரு வேலை

ஜப்பான்காரன் பினாங்குக்குள் வருவதற்கு முன்பே துரை கப்பலேறிவிட்டார். போகும்போது டிரைவர் ராமதாஸிடம் கார் சாவியையும் நாய்ச் சங்கிலியையும் கொடுத்துவிட்டுப் போனார். காரை ராணுவம் எடுத்துக்கொண்டது. நாயை யாரும் கேட்கவில்லை.

கறுப்பும் வெள்ளையுமாய்ச் சடை தொங்கும் ஸ்காட்லாந்துப் பெட்டை அது. துரையம்மா வைத்த பெயர் நெல். அரிசிக்கு ஊரே அலைந்த காலத்தில், தண்ணீர்மலைப் பக்கத்துத் தன் வீட்டு வாசலில் ராமதாஸ் நின்றுகொண்டு "நெல்லு, நெல்லு" என்று கூப்பிட்டால் அக்கம்பக்கத்துக் கதவெல்லாம் திறக்கும்.

சும்மா இருக்க அதற்கு வராது. சந்தில் பிள்ளைகள் சிதறி விளையாடினால், சுற்றிச் சுற்றி ஓடி ஒரே கும்பலாக்கிவிட்டுத்தான் உட்காரும். நிறைமாதமாயிருந்த அவன் மனைவி புஷ்பவள்ளி குழாயடிக்குக் கிளம்பினால், கணுக்காலை மூக்கால் தள்ளி வீட்டுக்கே திருப்பிவிடும்.

"ஏங்க, நாமளே மரவள்ளிக்கெழங்கத் தின்னுட்டுக் கெடக்குறோம். இதுக்குப் போடுறதுக்கு ஏதாச்சும் வேலை செய்யட்டும்லா" என்றாள் அவள்.

ராமதாஸ் அதைக் கிழங்குத் தோட்டத்துக்குக் காவல் வைத்தான். விடிவதற்குள் பாத்தியெல்லாம் மிதிபட்டுக் கிடந்தது. ராமசாமியின் மளிகைக் கடையில் எலி பிடிக்க விட்டான். மறுநாள் ராமசாமியே சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"பிடிக்கச் சொன்னா, எலிய எல்லாம் ஒரு மூலையில சேத்து வெச்சுக்கிட்டு முன்னால குந்தியிருக்கு தம்பி. ஒண்ணையும் கடிக்கல. எலிய மேய்க்குது."

ராமதாஸுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த வாரமே சிரிப்பு போய்விட்டது. சாலையில் அணிவகுத்துப் போன சிப்பாய்களில் ஒருவன் பின்தங்க, நெல் பாய்ந்துபோய் அவன் காலைத் தள்ளி வரிசையில் சேர்த்தது. ராமதாஸ் ஓடிப்போய்க் குனிந்து வணங்கினான். கன்னத்தில் அறை விழுந்தது. அந்தச் சிப்பாய் துப்பாக்கியால் நாயைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னான். பாஷை புரியவில்லை, சொன்னது புரிந்தது.

அன்று முதல் நெல்லைக் கட்டிப் போட்டான். அது குரைக்கவில்லை. கஞ்சியை முகர்ந்தும் பார்க்காமல் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தது. அவனுக்கு அறையைவிட அதுதான் வலித்தது.

மலையடிவாரத்தில் ஆடு வளர்த்துத் தனியாய்ப் பிழைத்தவள் நூர்ஜான். ஒருநாள் மாலை, மூச்சு வாங்க அவன் வாசலில் வந்து நின்றாள்.

"தம்பி, வேலி சாஞ்சு ஆடெல்லாம் ஜப்பான்காரன் கேம்ப் பக்கம் ஓடுது. உள்ள போச்சுன்னா அவங்க சட்டிக்குத்தான்."

ராமதாஸ் சங்கிலியை அவிழ்த்தான். ஏன் அவிழ்த்தான் என்று அவனுக்கே தெரியாது. சாலைக்கு வந்ததும் நெல் ஆடுகளைப் பார்த்தது. ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு வயிறு புல்லில் உரச, பெரிய வட்டமாய் ஓடி, கேம்ப் வாசலுக்கும் ஆடுகளுக்கும் நடுவே போய்ப் படுத்தது. பாயவில்லை, குரைக்கவில்லை, வெறுமே பார்த்தது. முன்னால் வந்த கிடா முறைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பியது. மற்றவை அதன் பின்னால் வந்தன.

"எங்க படிச்சிச்சு இத?" என்றாள் நூர்ஜான்.

"தெரியலக்கா. இதுக்கு இந்த ஊர்ல நான் ஆட்டையே காட்டல."

"நாய நான் தொடமாட்டேன், தம்பி. எங்க மார்க்கத்துல ஆகாது."

"தொட வேணாம்க்கா. வேலை குடுங்க, போதும்."

மறுநாளிலிருந்து காலையில் சங்கிலியை அவிழ்த்ததும், சிப்பாய்கள் வராத சந்து வழியாய் நெல் தானாகவே மலையடிவாரத்துக்கு ஓடியது. நூர்ஜான் ஒரு கொட்டாங்குச்சியை அதற்கென்று ஒதுக்கி, தூரத்திலிருந்தே பால் ஊற்றுவாள். தொடாமலே அதனிடம் ஓயாமல் பேசுவாள். புஷ்பவள்ளிக்கு மகள் பிறந்து தாய்ப்பால் பற்றாமல் போனபோது, அந்தப் பிள்ளைக்கும் ஆட்டுப்பால் தவறாமல் வந்தது. புஷ்பவள்ளி அதன் பிறகு சோற்றுக் கணக்குப் பேசவில்லை.

ராமதாஸுக்கு மட்டும் ஒரு சின்ன மனத்தாங்கல். காலையில் கிளம்பும்போது நெல் அவனைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. வேலைக்குப் போகிறவளுக்கு அவசரம் இருக்கும்தானே என்று சொல்லிக்கொண்டு, அது வளைவு திரும்பும்வரை நின்றுவிட்டு உள்ளே போவான்.