தோற்காத சேனல்

எங்கள் சாஸ்கடூன் பனிக்கரடிகள் ஐஸ் ஹாக்கி அணிக்கென்றே ஒரு டிவி சேனல் இருக்கிறது. அணி கோப்பையைத் தொட்டு ஒரு தலைமுறை ஆகிவிட்டது. அந்த சேனலில் மட்டும் தினமும் ஜெயிக்கிறார்கள். பழைய மேட்சுகளில் ஜெயித்ததை மட்டுமே போடுவது அவர்கள் வழக்கம். நடுவே கேப்டனின் நாய் குளிக்கும், பயிற்சியாளர் அப்பம் சுடுவார். வெட்கம் என்பது மருந்துக்கும் கிடையாது.

என் கணவர் எல்மர் ஒரு காலத்தில் அந்த அணியின் கோல்கீப்பர். இறுதிச் சுற்றின் கடைசி மேட்ச் சமனில் நிற்க, கூடுதல் நேரத்தில் விழுந்த ஒரே கோலில் கோப்பை போனது. கால்களுக்கு நடுவே இருந்த இடைவெளியை மூடத் தாமதித்தாரா, இல்லை முன்னால் நின்ற நண்பன் வாலியின் மட்டையில் பட்டு பக் என்கிற ரப்பர் வட்டு திரும்பியதா என்பது அவருக்கே தெரியாது. ஊர் அவரைத்தான் திட்டியது. அந்தக் கோலை அவர் டிவியில் பார்க்கத் துணிந்ததே இல்லை. இப்போது கண் மங்கிக்கொண்டு வருகிறது. பார்வை பனிக்காலம் வரை தாங்கினாலே அதிகம் என்றார் டாக்டர். அன்றைக்குத்தான் முதல்முறையாக, அதைப் பார்க்க வேண்டும் என்றார்.

அந்த மேட்சின் பதிவு சேனலிடம் மட்டும்தான் இருந்தது. நிகழ்ச்சிப் பொறுப்பாளன் பிரெண்டனுக்குப் போன் போட்டேன். தோற்ற மேட்சைப் போடுவதில்லை என்று இழுத்தவன், எல்மர் பெயரைக் கேட்டதும் குழைந்தான். ‘எல்மர் ஃப்ரீசன் சிறப்பு மாலை’ என்று வாரம் முழுக்க விளம்பரம் வேறு.

எல்மர் நாற்காலியை டிவிக்கு முட்டுகிற அளவுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தான் தடுத்த ஒவ்வொரு பக்கையும் பார்த்துக்கொண்டே வந்தார். ஆட்டம் சமனில் முடிந்தது. கூடுதல் நேரம் தொடங்க வேண்டிய இடத்தில், ‘வீழாத வீரன்’ என்று எழுத்து வந்தது. அப்புறம் நாய் குளித்தது.

உடனே பிரெண்டனைக் கூப்பிட்டேன். எல்மர் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"மிச்சத்தை எனக்கு மட்டுமாவது காட்டுப்பா."

"அது இல்ல சார். பழைய டேப்பையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாத்தும்போது, நம்ம டீம் தோக்குற இடத்தை எல்லாம் எடுத்துட்டோம். டேப்பும் குப்பைக்குப் போயிடுச்சு." அவன் குரலில் பெருமைதான் இருந்தது. "நிம்மதியா இருங்க சார். நீங்க கோல் விட்டதுக்கு இனிமே சாட்சியே கிடையாது."



"அந்தக் கோல் என்னோடதுப்பா," என்றார் எல்மர். "தூக்கிப் போடறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டிருக்கணும்."