ப்ரைனா மறித்த வாசிப்பு

“பேழைக் கதவுல எவனாவது கை வச்சீங்க, அந்தக் கை மேலயே நான் விழுவேன்! வைங்க பாப்போம்!”

“மேல போடி! ஆம்பளைங்க பக்கம் உனக்கென்ன வேலை?”

“மேல உக்காந்து அழுதேன், உங்க யார் காதுலயும் விழல. அதான் இறங்கி வந்துட்டேன்.”

க்ரினோவிட்ஸ் ஜெபக்கூடத்தில் அந்த சபத் ஓய்வுநாள் காலையில், தொழுகை முடிந்து, வாசிப்பதற்காகத் தோரா எனும் வேதச் சுருளை வெளியே எடுக்க வேண்டிய நேரம். மாடியில் பெண்கள் பகுதியிலிருந்து ப்ரைனா தடதடவென்று இறங்கி வந்து, சுருள் இருக்கும் பேழைக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள். திரையை விலக்கப்போன பணியாள் வெல்வெலின் கை காற்றிலேயே நின்றது. பாவம் அவர், பெண்ணைத் தொட்டு நகர்த்த முடியாது. நகர்த்தாமல் சுருளை எடுக்கவும் முடியாது.

ப்ரைனா செய்தது புதுசு ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் எல்லா வாசலும் மூடிப்போனவர்களுக்கு இப்படி ஒரு வழி காலங்காலமாக உண்டு. தன் வழக்கைச் சபை காதுகொடுத்துக் கேட்கும்வரை அந்த வாரத்து வாசிப்பை நிறுத்தி வைக்கலாம். என்ன, அதுவரை க்ரினோவிட்ஸில் நிறுத்தியவர்கள் எல்லோரும் தாடி வைத்தவர்கள்.

வழக்கு என்னவென்று ஊருக்கே தெரியும். இருந்தாலும் இன்னொரு தடவை கேட்க எல்லோருக்கும் ஆசைதான். ப்ரைனாவின் புருஷன் காய்ச்சலில் போய்ச்சேர்ந்துவிட்டான், பிள்ளை இல்லை. அப்படிப்பட்ட விதவை மறுகல்யாணம் செய்துகொள்ள வேண்டுமானால், செத்தவனின் அண்ணன் அவளை விடுவிக்க வேண்டும். ரப்பியும் நீதிசபையும் பார்த்திருக்க, அண்ணன் காலில் கட்டிய தோல் செருப்பை அவள் அவிழ்த்து, அவன் முன்னால் தரையில் துப்ப வேண்டும். அரை மணி நேர வேலை.

ஆனால் அந்த அண்ணன் கல்மான் ஆயிற்றே! தல்மூத் எனும் சட்ட நூலை ஊரார் கூடிப் படிக்கும் மேசையின் தலைமாட்டில் உட்காருகிறவர். தன் கோட்டில் மாவு படுமென்று ரொட்டிக்கடைத் தெருவில் நடக்காதவர். அவர் முன்னால் ஒருத்தி காறித் துப்புவதா? அதற்காக அவர் ‘மாட்டேன்’ என்று ஒருநாளும் சொன்னதில்லை. “சட்டம் தெரியாம சடங்கு செய்யலாமா? அதைப் பத்தின பாகத்தைத்தான் மேசையில படிச்சுட்டு இருக்கோம். படிச்சு முடிச்சதும் மறுநாளே செஞ்சுடறேன்” என்றார். ஊர் மெச்சியது. எவ்வளவு பயபக்தி பாருங்கள்!

“இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதுக்கும்மா?” கிழக்குச் சுவரோரம், பெரிய மனிதர்கள் வரிசையில் இருந்த தன் இருக்கையில் கல்மான் எழுந்திருக்கக்கூட இல்லை. “முடிச்சுட்டு செய்றேன்னுதானே சொன்னேன்? நான் என்ன ஓடியா போறேன்?”

“நீங்க ஓடினாத்தான் தேவலையே, பெரியத்தான்! உங்க பக்கந்தான் ஓட மாட்டேங்குது.”

மாடியில் குபீரென்று சிரிப்பு. தட்டியின் இடுக்குகளில் எல்லாம் கண்கள்.

ப்ரைனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பார்வை கணப்படுப்புப் பக்கம் போய்ப்போய் வந்தது. விருந்தாளிகள் உட்காரும் அந்தப் பலகையில் பீப்பாய் செய்யும் நோட்டா இருந்தான், ஸப்ரோட் ஊர்க்காரன். அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டவன். கூடாரப் பண்டிகைவரை காத்திருப்பேன், அதற்குமேல் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று சொல்லியிருந்தான். அவன் ஒரு வார்த்தை பேசினால் போதும், நாள் முழுக்க இங்கேயே நிற்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அவனோ பிரார்த்தனைப் புத்தகத்தில் அப்படி என்னதான் புதிதாகக் கண்டுபிடித்தானோ, தலையை நிமிர்த்தவே இல்லை.

ரப்பி மேடையருகே வந்தார். “கல்மான், நாளைக்குக் காலையில நீதிசபையைக் கூட்டவா?”

கல்மான் இப்போது எழுந்தார். முகம் சிவந்திருந்தது. “ரப்பி, வற்புறுத்தி அவிழ்க்க வைக்கிற செருப்பு செல்லாது. உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? இத்தனை பேர் முன்னால என்னை நெருக்கினா, நாளைக்கு நான் வந்து நின்னாலும் அது என் சுய விருப்பத்துல இல்லைன்னு என் வாயாலேயே சொல்லுவேன். அப்புறம் இவ சாகிற வரைக்கும் இப்படியே இருக்க வேண்டியதுதான்.”

அவர் சொன்னது சட்டம். அது ரப்பிக்கும் தெரியும், ப்ரைனாவுக்கும் தெரியும். ரப்பி தாடியைப் பிடித்தபடி தரையைப் பார்த்தார். ப்ரைனா பிடித்த பிடியை இன்னும் இறுக்கினால் கயிறு அறுந்துபோகும், விட்டாலும் போச்சு.

“ப்ரைனா, நகராதடி!” மாடியிலிருந்து ஒரு குரல். “மத்தியானச் சாப்பாட்டுக்கு நேத்தே வச்ச என் சோலண்ட் குழம்புச் சட்டி ரொட்டிக்காரன் அடுப்புலயே கருகினாலும் பரவாயில்ல!”

“உன் சோலண்ட் எந்த வாரம்டி கருகாம இருந்திருக்கு?” என்றது இன்னொரு குரல்.

அவரை இனி ஒரு வார்த்தையும் நெருக்கக்கூடாது என்று ப்ரைனாவுக்குப் புரிந்தது. அவள் கல்மானுக்குப் பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். அங்கே ஸுஸ்மான் உட்கார்ந்திருந்தார். இருபது வருஷமாகக் கல்மானோடு ஜோடி சேர்ந்து படிக்கிறவர். கேள்வி ஒன்று கிடைத்துவிட்டால் சாப்பாட்டை மறந்துவிடுவார். சூது வாது தெரியாத மனுஷன்.

“ஸுஸ்மான் ஐயா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா?”

“என்கிட்டயா? கேளும்மா.”

“குளிர்காலத்துல, ஹனுக்கா பண்டிகை சமயத்துல எந்தப் பக்கம் படிச்சீங்க?”

ஸுஸ்மானின் முகம் மலர்ந்தது. யாரும் அவரிடம் இதைக் கேட்பதில்லை. “பிரமாதமான பக்கம்! ரெண்டு சகோதரர்கள், ரெண்டு சகோதரிகளைக் கட்டினா...”

“ரெண்டு மாசம் போய்ப் பூரிம் பண்டிகை வந்தப்போ?”

“அப்பவும் அந்தப் பக்கந்தான். கல்மான் ஒரு கேள்வி கேட்டாரு பாரு, அசந்துட்டேன்.”

“அப்புறம் வசந்தத்துல, பஸ்காவுக்கு?”

“அப்பவும்...” என்று ஆரம்பித்த ஸுஸ்மான் பாதியில் நிறுத்தினார். கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்து, பக்கத்திலிருந்தவரிடம் முழங்கை இடி வாங்கினார்.

“கல்மான்,” ஸுஸ்மான் மெதுவாகத் திரும்பினார். “பக்கத்தைப் புரட்டப் போறப்பெல்லாம் என் கையைப் பிடிச்சீரே. ‘இரும், இரும், ஒரு சந்தேகம்’னு. அது சந்தேகந்தானா?”

கல்மான் கோட்டுக் கையில் இல்லாத தூசியைத் தட்டினார்.

“நான் ராத்தூக்கம் இல்லாம பதில் தேடினேன் ஐயா. இவர் மனசுல எவ்வளவு ஆழம்னு என் சம்சாரத்துக்கிட்ட சொல்லிச் சொல்லி மாய்ஞ்சேன். இந்தப் பொண்ணு கழுத்துல கட்டின கல்லுன்னு தெரியாம, ஒவ்வொரு கேள்வியா நானுந்தானே கட்டியிருக்கேன்?”

“ஸுஸ்மான், இங்க வேணாம்...”

“நான் உம்மை ஒண்ணும் வற்புறுத்தல. செருப்பு உம்ம காலு, உம்ம இஷ்டம். ஆனா யாரோட உக்காந்து படிக்கணுங்கிறது என் இஷ்டம். இனிமே அந்த மேசைக்கு நான் வர்றதா இல்ல.”

பின்வரிசையில் எண்ணெய் வியாபாரி ஒருவர் இருமினார். “நானும் வரல” என்றார். அப்புறம் இன்னொருவர். யாரும் சத்தம் போடவில்லை, யாரும் திட்டவில்லை. ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, கல்மான் அந்தந்தப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். தனியாக ஒரு வரி படிக்க அவருக்கு வராது. எதிரே மறுத்துப் பேச ஒரு ஆள் வேண்டும். அது இல்லையென்றால், கிழக்குச் சுவரோரம் இருக்கை இருந்தென்ன, இல்லாமல் என்ன?

ஜன்னல் வெளிச்சம் மேடையைத் தாண்டி நகர்ந்திருந்தது.

“ரப்பி,” என்றார் கல்மான். “நாளைக்குக் காலையில வர்றேன். சுய விருப்பத்தோட. எல்லாரும் கேட்டுக்குங்க.”

ப்ரைனா விலகிக்கொண்டாள். வெல்வெல் திரையை இழுத்த வேகத்தில் வளையம் ஒன்று கழன்று விழுந்தது.

மறுநாள் நீதிசபை அறையில் நிற்க இடமில்லை. யாரும் வேடிக்கை பார்க்க வரவில்லையாம், எல்லோரும் சாட்சிக்கு வந்தார்களாம். காலையில் எதையும் சாப்பிடாதே என்று ரப்பியின் மனைவி சொல்லியிருந்ததால் ப்ரைனா வெறும் வயிறு. கல்மான் கழுவித் துடைத்த வலது காலில் சடங்குக்கென்றே நீதிசபை வைத்திருந்த பழைய தோல் செருப்பை மாட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். அவள் குனிந்து, வலது கையாலேயே வார் முடிச்சுகளை அவிழ்த்து, செருப்பைக் கழற்றி வீசினாள்.

துப்ப வேண்டும். நீதிபதிகள் கண்ணால் பார்க்கும்படி துப்ப வேண்டும்.

வாய் காய்ந்துபோயிருந்தது. நாக்கைச் சுழற்றினாள், ஒன்றும் வரவில்லை. மறுபடியும் முயன்றாள். காற்றுதான் வந்தது. நீதிபதிகளில் ஒருவர் ‘செல்லாது’ என்று தலையாட்டினார். ஜனம் முணுமுணுக்க ஆரம்பித்தது. இவ்வளவு தூரம் வந்து, ஒரு துளி எச்சிலுக்காகவா திரும்பிப் போக வேண்டும்? கண்ணில் தண்ணீர் வந்தது, வாயில் வரவில்லை.

“அவசரப்படாதே,” என்று யாரோ முணுமுணுத்தது கேட்டது. நிமிர்ந்தாள். கல்மான். ஒற்றைக் காலில் செருப்பில்லாமல், தரையைப் பார்த்தபடி, உதடு அசையாமல் பேசினார். “எங்க வீட்டுல போடுற வெள்ளரி ஊறுகாயை நெனச்சுக்கோ. அந்தப் புளிப்பு. நெனச்சாலே பல்லு கூசும்.”

ப்ரைனா நினைத்துக்கொண்டாள். கல்மானின் மனைவி கை ஊறுகாய், உப்புத் தண்ணீரும் வெந்தயக்கீரையும் பூண்டும்... தாடையின் இரண்டு பக்கமும் சுரீரென்றது. குனிந்து துப்பினாள். கல்மானின் வெறுங்காலுக்கு எதிரே, பலகைத் தரையில், கடைசி வரிசையில் நின்றவர்களுக்கும் தெரியும்படி.

“செருப்பு அவிழ்ந்தவன்!” என்று நீதிபதிகள் சட்டப்படி சத்தமாகச் சொன்னார்கள். சுற்றி நின்ற கூட்டமும் சேர்ந்து சொன்னது, தேவைக்கு மேலேயே சத்தமாக.

அன்று சாயங்காலமே நோட்டா புதுத்தொப்பியோடு ப்ரைனா வீட்டு வாசலுக்கு வந்தான். தேதி பேசலாமா என்று கேட்டான். அவள் அவனை உள்ளே கூப்பிடவில்லை. “நேத்து ஜெபக்கூடத்துல தலை நிமிராம என்ன படிச்சுட்டு இருந்தீங்க?” என்று மட்டும் கேட்டாளாம். பக்கத்து வீட்டுக்குக் கேட்டது அவ்வளவுதான். அவன் ஸப்ரோட்டுக்கே போய், குளிர்காலம் முடியுமுன் அம்மா பார்த்து வைத்த பெண்ணைக் கட்டிக்கொண்டான். ப்ரைனா அடுத்த வருஷம் பெர்டிச்செவிலிருந்து வந்த சோப்புக் காய்ச்சும் ஆன்ஷெல் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டு அந்த ஊருக்கே போய்விட்டாள்; இரண்டு பிள்ளைகள் என்று கேள்வி. ஸுஸ்மானை அவருடைய மகள் க்ரெமெனெட்ஸுக்கு அழைத்துப் போனாள். வண்டி கிளம்பிய அன்று வழியனுப்பக் கல்மான் வந்திருந்தார். ரொட்டிக்கடைத் தெரு வழியாகத்தான் நடந்து வந்தார்.