ஆர் முதல் தொடங்கினது

நாற்பத்து மூன்று வயதில் வினோதாவுக்குத் தாதியாக வேண்டும் என்று ஆசை வந்தது. டென்மார்க்கின் விபோர்க் நகரில் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் வேலையில் அவளுக்குப் பதினாறு வருசம். தாதிப் படிப்புக்கு விண்ணப்பிக்க முதலில் சில பாடங்களில் சித்தியடைய வேண்டும். அதில் ஒன்று சரித்திரம். வளர்ந்தவர்களுக்கான பள்ளிக்கூடத்தில் கிழமைக்கு இரண்டு பின்னேரம் வகுப்பு.

வாய்மொழிச் சோதனைக்கு அவளுக்கு விழுந்த தலைப்பு, இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்காவும் சோவியத்தும் பகைத்துக்கொண்டதற்கு யார் பொறுப்பு என்பது. வாசிக்க மூன்று கட்டுரைகள் தந்தார்கள். முதலாவது ரஷ்யன்தான் காரணம் என்றது. இரண்டாவது அமெரிக்கன்தான் என்று அடித்துச் சொன்னது. மூன்றாவது, இரண்டு பேரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் பயந்ததுதான் காரணம் என்றது. எதை வாசித்தாலும் வாசிக்கிற நேரம் அதுதான் சரியென்று பட்டது அவளுக்கு.

"என்ன புள்ள, எல்லா வரிக்கும் கீழ கோடடிச்சிருக்கிறாய்?" என்றான் கணவன் யோசேப், இக்காஸ்ட் என்ற ஊரில் இருந்த தொழிற்சாலையில் வேலை முடித்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே.

"எல்லாம் சரி மாதிரித்தான் இருக்கு. அதான் பிரச்சினை."

"எங்கட இலங்கைச் சண்டை ஆர், எப்ப தொடங்கினது எண்டு கேட்டுப் பார். ஒருத்தர் எண்பத்து மூண்டாம் ஆண்டு எண்பார், ஒருத்தர் ஐம்பத்தாறு எண்பார், இன்னொருத்தர் நாற்பத்தெட்டு எண்டு சொல்லுவார். நீ இதுக்கு மூண்டு பேப்பரோட தப்பினாய்."

அவனுக்கு அது பகிடி. அவளுக்குச் சோதனைக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருந்தது.

ஹென்னிங், கிர்ஸ்டன் வீடு அவளுடைய காலைப் பட்டியலில் மூன்றாவது. அவருக்கு எண்பத்தேழு, மனைவிக்கு எண்பத்தைந்து. ஹென்னிங் முப்பது வருசம் ரேடியோ, டிவி திருத்தும் கடை வைத்திருந்தவர். கிர்ஸ்டன் ரீச்சராக இருந்தவ. வினோதா போய் இருவருக்கும் மருந்தைக் கொடுத்து, அவருடைய வீங்கிய கால்களுக்கு இறுக்கமான காலுறையை இழுத்துப் போட்டுவிட வேண்டும். நாலு வருசப் பழக்கத்தில் அந்த வீட்டில் அவளுக்கு ஒரு கோப்பிக் கோப்பை தனியாக இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் வெள்ளந்தியாகத்தான் கேட்டாள். "நீங்கள் ரெண்டு பேரும் அந்தக் காலத்தில இருந்தவங்கள்தானே. ஆர் முதல் தொடங்கினது?"

"ரஷ்யன்," என்றார் ஹென்னிங். யோசிக்கவேயில்லை. "எனக்கு எட்டு வயசு. நாங்கள் போர்ன்ஹோல்ம் தீவில இருந்தனாங்கள். டென்மார்க் முழுக்க விடுதலை கொண்டாடுது, எங்கட தலையில ரஷ்யன் குண்டு போடுறான். பிறகு பதினொரு மாசம் போகாம இருந்தான்."

"ஜப்பான்ல ரெண்டு நகரத்தை எரிச்சது ஆர்?" என்றா கிர்ஸ்டன் பாணுக்கு வெண்ணெய் பூசியபடி. "அதைப் பார்த்த பிறகு எவன்தான் பயப்படாம இருப்பான்?"

"தொடங்கிட்டாய்! உன்னைப் போல ஆக்கள் பதாகையைத் தூக்கிக்கொண்டு நடந்தபடியாத்தான் அவனுக்குத் துணிவு வந்தது."

"நாங்கள் நடந்தது ரெண்டு பேற்ற குண்டுக்கும் எதிரா."

"மொஸ்கோவில ஒருத்தரும் நடக்கேல்லையே!"

குரல் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் கிர்ஸ்டன் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினா. வினோதா ஒரு காலுறையைப் போட்டு முடித்து, மற்றதைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

அடுத்த நாளும் அப்படித்தான். அவர் குசினியில் சாப்பிட்டார், அவ அறைக்குள் சாப்பிட்டா. மூன்றாம் நாள் கிர்ஸ்டன் கோப்பி மெசினையும் அறைக்குள் எடுத்துப் போய்விட்டா. அறுபத்திரண்டு வருசம் ஒன்றாகக் கோப்பி குடித்தவர்கள். கேள்வி கேட்டது வினோதா. ஆனால் அந்தக் கோபம் அவள் கொண்டுவந்தது அல்ல. அது அந்த வீட்டுக்குள் ஏற்கெனவே எங்கேயோ இருந்திருக்கிறது. அப்படியென்றால் இதில் அவளுடைய பிழை எவ்வளவு?

வெள்ளிக்கிழமை ஹென்னிங் தாழ்ந்த குரலில் கதைத்தார்.

"நான் விமானப்படையில ரேடியோத் தொழில்நுட்பம் பார்த்தனான், தெரியுமா? அறுபத்து மூண்டில என்னை அதிகாரிப் பயிற்சிக்கு எடுக்க இருந்தவங்கள். ஒருநாள் கூப்பிட்டு ஒரு படத்தை மேசையில வைச்சாங்கள். மழைக்குள்ள கிர்ஸ்டன், கையில பதாகை. ஹொல்பேக்கில இருந்து கொப்பன்ஹேகனுக்கு நடந்த நடை. ஒண்டில் மனிசியை நிப்பாட்டு, இல்லையெண்டா இந்தக் கதவு உனக்குத் திறக்காது எண்டாங்கள். நான் வேலையை விட்டிட்டு வந்திட்டன். அவவுக்குச் சோதனையில தவறிட்டன் எண்டு சொன்னனான்."

"இன்னும் அவவுக்குத் தெரியாதா?"

"தெரியாது. தெரியவும் வேண்டாம்."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்தப் படம் வினோதாவின் மனதை விட்டுப் போகவில்லை. ஒரு மனிதன் தன் வாழ்க்கையையே விட்டுக்கொடுத்திருக்கிறான். அது தெரிந்தால் அந்த மனிசி கதவைத் திறக்காமல் இருப்பாவா? மற்றவர் சொன்ன இரகசியத்தை வெளியே விடக்கூடாது என்பது அவளுடைய வேலையின் முதல் பாடம். அதுவும் அவளுக்குத் தெரியும். திங்கட்கிழமை, ஹென்னிங் குளியலறையில் இருந்த நேரம், அறைக்குள் போய்ச் சொல்லிவிட்டாள்.

கிர்ஸ்டன் அழவில்லை. கோப்பி மெசினை நிறுத்தினா.

"சோதனையில தவறினவர் எண்டு நான் அவருக்காக இரக்கப்பட்டுக்கொண்டு இருந்தனான்," என்றா பிறகு. "அறுபது வருசம். ஒரு கெட்டிக்காரனைத் தோத்தவனா நினைச்சு வாழ்ந்திருக்கிறன். என்னட்டக் கேட்டிருந்தா நடையை விட்டிருப்பனோ, அவரை விட்டிருப்பனோ, எனக்குத் தெரியாது. ஆனா அது நான் எடுக்க வேண்டிய முடிவு."

"உங்களில இருந்த விருப்பத்திலதான் அவர்..."

"நீ போ, வினோதா. உன்ர அடுத்த வீட்டுக்கு நேரமாச்சு."

இது யாருடைய பிழை என்று காருக்குள் இருந்து யோசித்தாள். படம் எடுத்தவனா, அதை மேசையில் வைத்தவனா, பொய் சொன்ன ஹென்னிங்கா, நடந்த கிர்ஸ்டனா? இப்போது வரிசையின் கடைசியில் அவளும் நின்றாள். நல்லதைத்தான் நினைத்தாள். அந்த வரிசையில் நின்ற எல்லாரும் அதையேதான் சொல்லுவார்கள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அந்த வீட்டில் அவளோடு யாரும் தேவைக்கு மேல் கதைக்கவில்லை. இருவரும் தங்களுக்குள் கதைத்தார்களா என்பதும் அவளுக்குப் பிடிபடவில்லை.

சோதனை நாளன்று மூன்று கட்டுரைகளையும் அவள் பிழையில்லாமல் சொன்னாள். யால்டா மாநாடு, பெர்லின், அணுகுண்டு, அமெரிக்கா அள்ளிக் கொடுத்த உதவிப் பணம் எல்லாம் ஒழுங்காக வந்தன. வெளியிலிருந்து வந்த பரிசோதகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "சரி. உங்கட சொந்த முடிவு என்ன?"

மூன்றாவது கட்டுரையின் கடைசிப் பந்தியைச் சொன்னால் போதும் என்று வினோதாவுக்குத் தெரியும். சொல்ல மனம் வரவில்லை.

"தொடக்கத்தைப் பிடிச்சிட்டன் எண்டு நினைக்கிற ஒவ்வொரு முறையும் அதுக்கு முன்னால இன்னொண்டு நிக்குது," என்றாள். "எல்லாரும் பயந்தவங்கள், அதால ஒருத்தரிலயும் பிழையில்லை எண்டு சொல்லவும் ஏலாது. பயத்திலயும் ஆக்கள்தான் முடிவு எடுக்கிறாங்கள். அந்த முடிவுக்கு ஆரோ பொறுப்பு. ஆருக்கு எவ்வளவு எண்டு பிரிக்க எனக்குத் தெரியேல்ல. இந்த மாசம் முழுக்க யோசிச்சுப் பார்த்திட்டன்."

பரிசோதகர் ஏதோ எழுதினார். பன்னிரண்டுக்கு ஏழு புள்ளி கிடைத்தது. அது நல்ல புள்ளிதான்.

இரண்டு நாள் கழித்து வேலைத்தலத்தில் பொறுப்பாளர் அவளைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் காட்டினா. கையெழுத்து ரீச்சர்மாரின் நேரான கையெழுத்து. 'எங்கள் வீட்டுக்கு இனி வேறொருவரை அனுப்பவும். வினோதாவின் வேலையில் எந்தக் குறையும் இல்லை.' கீழே கிர்ஸ்டனின் ஒப்பம், அதற்குப் பக்கத்தில் ஹென்னிங்கின் நடுங்கிய ஒப்பம்.

"குறையில்லை எண்டா ஏன் மாத்தச் சொல்லுகினம்? ஏதும் நடந்ததா?" என்று கேட்டா பொறுப்பாளர்.

"நான் கதைக்கக்கூடாத ஒண்டைக் கதைச்சிட்டன்," என்றாள் வினோதா. மற்றதையும் மறைக்காமல் சொன்னாள். பொறுப்பாளர் கண்டித்தா, குறித்துக்கொண்டா, பட்டியலை மாற்றினா.

வீட்டில் யோசேப்பிடம் சொன்னபோது அவன் சோற்றில் கையை வைத்தபடி கேட்டான்: "ரெண்டு பேரும் சேர்ந்தா எழுதினவங்கள்?"

"ஓம். ஒரே கடிதம். ஒரே பேனை."

"அப்ப சமாதானம் ஆயிட்டாங்கள்!"

"அப்படித்தான் போல."

"பிறகு ஏன் உன் முகம் இப்பிடி இருக்கு?"

அவளுக்கே விளங்கவில்லை. அந்தக் கடிதத்தை எழுத இருவரும் ஒரு மேசையில் இருந்திருக்க வேண்டும், அவளைப் பற்றிக் கதைத்திருக்க வேண்டும், ஒத்துப்போயிருக்க வேண்டும். இரகசியத்தைச் சொன்னதற்காக விலக்கினார்களா, இல்லை அதைத் தெரிந்தவள் ஒருத்தி தினமும் கண்முன் நிற்பதைத் தாங்க முடியாமலா? போய்க் கேட்கலாம். ஆனால் அந்த வீட்டில் இன்னொரு கேள்வி கேட்கும் துணிவு அவளுக்கு இல்லை.

"சாப்பிடுங்கோ, ஆறப்போகுது," என்று சொல்லி, யோசேப்பின் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு விட்டாள்.