ரெண்டாம் நம்பர் டின்

ஷெர்லினால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ரம்புட்டான் குவியலை மூன்றாவது தடவையாக அடுக்கினாள். தராசைத் துடைத்தாள். துடைத்த துணியை எங்கே வைத்தோம் என்று தேடினாள்; அது அவள் தோளிலேயே கிடந்தது. மார்பு இரண்டும் கல்லாகக் கனத்தன. சாரலில் எல்லோருமே நனைந்திருந்ததால், அவள் சேலையின் முன்பக்கத்தில் இருந்த ஈரம் வேறு ஈரம் என்று யாருக்கும் தெரியவில்லை.

குற்றாலத்தில் மெயின் அருவிக்குப் போகும் பாதையில் அவர்களுடைய பழக்கடை. சீசன் பிடித்துவிட்டால் அவளும் கணவன் ஜஸ்டினும் விடியுமுன் குத்துக்கல்வலசை வீட்டைப் பூட்டிவிட்டு வருவார்கள். திரும்பும்போது இருட்டிவிடும். அதனால் ஏழரை மாதக் குழந்தை ஜெமிமாவை நான்கு நாட்களுக்கு முன் சுரண்டையில் ஜஸ்டினின் அக்கா ரெபேக்காள் வீட்டில் விட்டிருந்தார்கள். சீசன் முடிகிறவரை அங்கேதான் என்று பேச்சு. கூடவே ஒரு பால்பவுடர் டின்னும் போனது.

அந்த டின் வந்ததற்கு மதுரைக்காரக் குடும்பம் ஒன்றுதான் காரணம். பழம் வாங்க வந்தவர்களின் இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது. கன்னம் இரண்டும் பணியாரம் போல உப்பியிருந்தன. ஜஸ்டின் கூச்சமில்லாமல் கேட்டுவிட்டான், என்ன கொடுக்கிறீர்கள் என்று. நம்பர் டூ பால்பவுடர் என்றாள் அந்தத் தாய். அன்று மாலையே தென்காசியில் ஒரு மெடிக்கல் கடையில் விசாரித்தான். ஆறு மாதம் முடிந்தால் அதுதானே என்று சொல்லி கடைக்காரர் எடுத்துக் கொடுத்தாராம்.

"ஆறு மாசம் வரைக்கும்தான் தாய்ப்பால்ல சத்தாம். அதுக்கு மேல வெறும் தண்ணிதானாம்," என்றான், டின்னை மேசையில் வைத்தபடி.

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்லுதாவ."

"பிள்ள நல்லாத்தான இருக்கா. கஞ்சி குடிக்கா, பருப்புச்சோறு திங்கா."

"நல்லா இருக்கா, யாரு இல்லன்னா? அந்த மதுரப் பிள்ள பக்கத்துல போட்டா முருங்கக்கா மாதிரில்லா இருப்பா."

'வெறும் தண்ணி' என்ற சொல் அவள் மனதை விட்டுப் போகவில்லை. மறுநாள் குளிக்கும்போது ஒரு துளியைப் பீச்சி உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள். நீலம் பாரித்து, கைரேகை தெரியுமளவு மெலிதாக இருந்தது. அவள் ஏதோ ஒரு பொய்யை இத்தனை நாள் சொல்லி வந்ததுபோல, அந்தத் துளியை அவசரமாகக் கழுவிவிட்டாள்.

டின் போதாது என்று அவளுக்குத் தோன்றியது. தன்னிடமிருந்து ஏதாவது ஒன்று பிள்ளைக்குப் போக வேண்டும். வருகிறவர்கள் எல்லோரும் அருவித் தண்ணீரைக் கேனில் பிடித்து ஊருக்குக் கொண்டுபோகிறார்கள். காலி கேன்களை அவர்கள் கடையிலேயே முன்வரிசையில் விற்பனைக்குக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மலையில் எத்தனை மூலிகை வேர்களைத் தொட்டு வருகிற தண்ணீர்! பிள்ளையை விட்டுவந்த முதல்நாளே, கூட்டம் சேருமுன், ஒரு கேனில் தானே போய்ப் பிடித்துவந்தாள். சுரண்டைச் சந்தையிலிருந்து குற்றாலத்து ஓட்டல்களுக்குக் காய்கறி கொண்டுவரும் குத்தாலிங்கம் அண்ணாச்சியின் வண்டி வெறுமையாகத்தான் திரும்பும். அதில் கேனை ஏற்றிவிட்டாள். பால்பவுடர் கலக்க. நான்கு நாளும் அப்படியே.

பதினோரு மணிக்கு அருவிப்பக்கம் விசில் சத்தம் கேட்டது. மலையில் மழை. போலீஸ்காரர்கள் குளித்தவர்களை வெளியேற்றினார்கள். உடம்பெல்லாம் எண்ணெயோடு ஆண்கள் பாதையில் வரிசையாக நின்றார்கள், அருவி தங்களை ஏமாற்றிவிட்டது போல. ஷெர்லின் கடையை விட்டு நாலு எட்டு முன்னே போய்ப் பார்த்தாள். அருவி செம்மண் நிறத்தில் விழுந்துகொண்டிருந்தது. கிளைகள் வந்தன. ஒரு கிளையோடு சிக்கிக்கொண்டு ஒரு காட்டுப்பன்றிக் குட்டி வந்து பாறையில் மோதி நின்றது. அதன் வயிறு பானை போல ஊதியிருந்தது.

"யம்மா, இது இன்னைக்குச் செத்தது இல்ல," என்றார் எண்ணெய் பூசிய உடம்போடு பக்கத்தில் நின்ற ஒருவர். "மேல எத்தன நாளா தண்ணிக்குள்ள கெடந்துச்சோ!"

நான்கு நாள் என்று அவள் மனம் எண்ணியது. உடனே போனை எடுத்தாள்.

"மைனி, பிள்ள எப்படி இருக்கா?"

"இருக்கா," என்றாள் ரெபேக்காள். பிறகு, "நேத்து சாயங்காலத்துல இருந்து வயிறு சரியில்ல. ஆறேழு தடவ தண்ணியா போயிட்டா. பல்லு மொளைக்குதுல்லா, அதான்னு நெனச்சேன். ஒங்கிட்ட சொன்னா நீ கடையப் போட்டுட்டு ஓடி வருவ."

"தண்ணியக் கொதிக்க வச்சுத்தான கலக்குதிய?"

"கொதிக்க வச்சா மூலிகை செத்துப்போவும்லா? வெதுவெதுன்னு சூடு காட்டிக் கலக்குதேன். நீயே மெனக்கெட்டு அனுப்புத..."

ஜஸ்டின் கூப்பிடக் கூப்பிட அவள் பேருந்தில் ஏறிவிட்டாள். தென்காசியில் இறங்கி சுரண்டைப் பேருந்துக்கு மாறினாள். இருக்கை காலியாக இருந்தும் நின்றுகொண்டே போனாள். ஆய்க்குடி தாண்டியதும் சாரல் நின்று வெறும் காற்று அடித்தது. வண்டி வேண்டுமென்றே நகராமல் நிற்பது போலவும், வயல்கள்தான் பின்னால் ஓடுவது போலவும் இருந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறியவர்கள் மேல் அவளுக்குக் கோபம் வந்தது.

ஜெமிமா ரெபேக்காளின் மடியில் துவண்டு கிடந்தாள். அழுகையில் சத்தம் குறைந்திருந்தது. ஷெர்லின் வாங்கி மார்போடு அணைத்தாள். குழந்தை முகத்தைத் திருப்பியது. ரப்பர் காம்பைத் தேடி உதட்டைக் குவித்தது. ஷெர்லின் அதன் முகத்தை மறுபடி தன் பக்கம் திருப்பினாள், மறுபடி மறுத்தது. மூன்றாவது தடவை, வாசனை பிடிபட்டதோ என்னவோ, வெடுக்கென்று கவ்விக்கொண்டது. ஷெர்லின் வலியில் பல்லைக் கடித்தாள்.

குழந்தை பால் குடித்தபடியே இருக்க, ஆட்டோவில் அரசு சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். டாக்டர் பார்த்துவிட்டு உப்புக் கரைசலும் துத்தநாக மாத்திரையும் எழுதினார். இரண்டு மணி நேரம் இங்கேயே இருங்கள் என்றார். நர்ஸ் ஸ்ரீதேவிக்கு ஷெர்லின் வயதுதான் இருக்கும். கரைசலை ஸ்பூனில் ஊட்டக் காட்டிக் கொடுத்தவள், ரெபேக்காள் பையிலிருந்து எட்டிப் பார்த்த டின்னைக் கவனித்தாள்.

"இது எதுக்கு? ஒனக்குப் பால் இல்லையா?"

"இருக்கு. ஆறு மாசம் முடிஞ்சிருச்சுல்லா..."

"முடிஞ்சா கஞ்சி, பருப்பு, முட்டை, கீரைன்னு கூடச் சேக்கணும். ஒன் பால எவ நிறுத்தச் சொன்னா? பாலே இல்லாதவளுக்குக்கூட ஒண்ணாம் நம்பர் டின்னு ஒரு வயசு வரைக்கும் போதும். நம்பரு மாத்துததுக்குப் பிள்ள என்ன பரீட்சையா எழுதுது?"

ஷெர்லின் குரலைத் தாழ்த்தினாள். "எம் பாலு தண்ணி மாதிரில்லா இருக்கு."

"இருக்கட்டும். அந்தத் தண்ணியிலதான் இவ ஏழு மாசம் வளந்திருக்கா."

ஸ்ரீதேவி டின்னைத் திருப்பி ஷெர்லினின் கையில் கொடுத்தாள். பக்கவாட்டில் பொடி ஆங்கில எழுத்து. தாய்ப்பாலே சிறந்தது என்று மேலே இருந்தது. கீழே, கொதித்து ஆறிய தண்ணீரில் கலக்கச் சொல்லியிருந்தது. பிளஸ் டூ வரை படித்தவள்தான் ஷெர்லின். ஆனால் வீட்டில் அது இருந்த நாட்களில் முன்பக்கத்துப் பெரிய இரண்டைத் தவிர அவள் எதையும் படிக்கவில்லை.

ரெபேக்காள் சுவரோரம் நின்று மூக்கை உறிஞ்சினாள். "நான்தான் பாவி."

"தண்ணியப் பிடிச்சு அனுப்புனது நான் மைனி," என்றாள் ஷெர்லின். குழந்தை ஒரு ஸ்பூனை விழுங்கியது. அடுத்ததைத் துப்பியது.

வயிறு அடங்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் ஜஸ்டின் போன் செய்தபடி இருந்தான். முதலில் பிள்ளையைக் கேட்பான். அடுத்து, அருவியைத் திறந்துவிட்டார்கள், கூட்டம் அள்ளுகிறது, ஒற்றை ஆளாக என்ன செய்வேன் என்பான். "சரியானதும் அக்காகிட்ட விட்டுட்டு வா" என்று முடிப்பான். ஷெர்லின் 'ம்' கொட்டினாள். பால் முன்போல் ஊறவில்லையோ என்ற பயம் அவளுக்கு. ஜெமிமா நாலு இழுப்பு இழுப்பாள், விட்டுவிட்டு அழுவாள், மறுபடி இழுப்பாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று ஷெர்லின் கொடுத்துக்கொண்டே இருந்தாள். இடையில் ரெபேக்காள் பருப்பைக் குழைய வேகவைத்து மசித்துக் கொண்டுவருவாள். கொதிக்கிற தண்ணீரை மூடியைத் திறந்து இரண்டு பேருமே எட்டிப் பார்ப்பார்கள்.

மூன்றாம் நாள் காலை குத்தாலிங்கம் அண்ணாச்சியின் வண்டியில், கத்திரிக்காய் மூட்டைகளுக்கு முன்னால், ஷெர்லின் குழந்தையோடு வந்து இறங்கினாள்.

"ஏட்டி, பிள்ளையையுமா கூட்டிட்டு வந்த? இந்தச் சாரல்லயா?" ஜஸ்டின் கையில் பழத்தோடு அப்படியே நின்றான்.

"சாரல் படாம பின்னால தார்ப்பாயக் கட்டுங்க. நாலு பக்கமும்."

"டின்ன எங்க?"

"மைனி காப்பில போட்டுக் குடிக்கட்டும்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். குழந்தையின் ஒட்டிய கன்னத்தைப் பார்த்ததும் பழத்தைக் கீழே வைத்துவிட்டுத் தார்ப்பாயைத் தேடப் போனான்.

கட்டி முடித்த மறைப்புக்குள், கவிழ்த்த பழப்பெட்டியின் மேல் உட்கார்ந்து அவள் பால் கொடுத்தாள். வெளியே அருவியின் இரைச்சலும் கூட்டத்தின் இரைச்சலும் ஒன்றாகக் கேட்டன. யாரோ ஒரு பெண், கேன் வேண்டும், வீட்டில் குழந்தைக்குத் தண்ணீர் கொண்டுபோகிறேன் என்று சொன்னாள்.

"கொதிக்க வச்சுக் குடுக்கச் சொல்லுங்க!" உள்ளிருந்து ஷெர்லின் கத்தினாள்.

ஜஸ்டின் தார்ப்பாய்க்குள் தலையை நீட்டினான். "அப்பிடிச் சொன்னா எவன்ட்டி கேன் வாங்குவான்?"

"சொல்லுங்கன்னா சொல்லுங்க."

தலை வெளியே போனது. பிறகு, வேண்டாவெறுப்பாக, பாதி விழுங்கிக்கொண்டு சொன்னான்: "யக்கா, நல்லா கொதிக்க வச்சுக் குடுங்க, என்ன?"

ஜெமிமா குடிப்பதை நிறுத்தி அந்தக் குரலைக் கேட்டாள். பிறகு குதிகாலால் பழப்பெட்டியை ஒரு உதை உதைத்துவிட்டு, மறுபடி வேகமாகக் குடிக்கத் தொடங்கினாள்.